மாமாவின் காரில் பூத்த உப்பு

“ஏட்டி, நாலு எழுத்து படிச்சிட்டா செத்தவன் இல்லைன்னு ஆயிருமா?”

பெரியம்மா இப்படிக் கேட்டபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் கையில் மஞ்சள் தடவிக் காயவைத்த ஒரு தாள் துண்டு. அதைக் காட்டத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் அவள் முன்னால் போய் நின்றேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மடியில் விழுந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டாள்.

என்னோடு அந்த வகுப்பில் இருந்த உங்களுக்கு அன்றைய பாடம் நினைவிருக்கும். டீச்சர் மஞ்சள் தாளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தார்; ரத்தமாகச் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினார். சிவப்பு ஓடிப்போய்ப் பழைய மஞ்சள் வந்தது. நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நான் கேட்காமல் கொள்ளாமல் எழுந்து வெளியே போனேன். குழாயடியில் நின்று திரும்பத் திரும்ப முகத்தைக் கழுவினேன். பின்னால் வந்தவர்களிடம் வயிற்றுவலி என்றேன். வயிற்றுவலி இல்லை. அந்தச் சிவப்பு மஞ்சளாவதை அதற்கு முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். அன்று பார்த்தவர்கள் யாரும் கை தட்டவில்லை. அதை வைத்து எங்கள் அத்தையை வீட்டைவிட்டு அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடுவார். அதில் எழுத்து இருக்காது, ஒரே இழுப்பாக ஒரு கோடு சுழித்துக்கொண்டு போகும். பெரியம்மாவுக்குப் பேருந்தின் நிறம்தான் ஊர்ப்பெயர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கிருந்து ஏறினோம் என்பதை மறைக்கிறவளுக்கு ஏறிய உயரத்தைச் சொல்லிக்கொள்ளும் உரிமையும் கிடையாது.

அத்தை அப்பாவின் தங்கை. அவளும் மாமாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அத்தையின் பக்கத்தில்தான் படுப்பேன். அவள் சேலைத் தலைப்பு என் போர்வை. அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார்கள். மாமா ஓட்டுவார். சீசன் மாதங்களில் அப்பாவும் அம்மாவும் குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் பழக்கடை போடுவார்கள். பெரியப்பா புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போய் எப்போதாவது வருவார். ஆகவே வீட்டில் பெரியம்மா சொன்னதுதான் சட்டம்.

சீசன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி காயாது. தீக்குச்சி உரசினால் மருந்து உதிரும், பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அந்தச் சாரல்தான் எங்களுக்கு ஒரு வருடத்துச் சோறு. மாமாவின் காரில் ஏறுகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள், சொட்டச் சொட்டத் திரும்புவார்கள். சீட்டுத் துணியில் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து ஊறி, கதவைத் திறந்ததும் முகத்தில் ஒரு வாடை வந்து மோதும். ஓட்டுகிற சீட்டின் மேல் விளிம்பில், மாமாவின் தலை சாய்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா காரைக் கழுவுவார். கழுவி முடித்ததும் பானெட்டைத் தூக்கி நிறுத்திக் குனிந்தபடி வெகுநேரம் நிற்பார். அவருடைய முதுகுதான் எங்களுக்குத் தெரியும். பிறகு விபூதி பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி பானெட்டை மூடுவார். “வெள்ளிக்கிழமை பூசையை முடிக்காம அவன் காபி குடிக்க மாட்டான்” என்று பெரியம்மா பெருமையாகச் சொல்வாள். அந்த நேரம் முழுவதும் அவர் சாமி கும்பிடுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஆனி மாதத்தில், ஐந்தருவியில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு மாமா காரிலேயே காத்திருந்தார். குளித்துவிட்டு வந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அசந்து தூங்குகிறார், பாவம், தூங்கட்டும் என்று சாரலில் நனைந்துகொண்டே நின்றிருக்கிறார்கள். குழந்தை குளிரில் நடுங்கத் தொடங்கிய பிறகுதான் ஒருவர் கதவைத் திறந்தார். மாமாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. தலை அந்தக் கறையின் மேல் சாய்ந்திருந்தது.

காரியம் முடியும்வரை கார் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றது. அப்புறம் அப்பா பழக்கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவருக்கு ஓட்டத் தெரியும். ஓட்டுவதற்கு மேல் அந்தக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை பூசையை மட்டும் மாமா செய்த மாதிரியே விடாமல் செய்தார். பானெட்டைத் தூக்குவார், விபூதியை அள்ளிப் பூசுவார், சூடம் காட்டுவார். மாமா நிற்கிற நேரம் முழுவதும் நிற்க வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பெரியம்மா பண்பொழி மலைக்கோயிலிலிருந்து கொண்டு வந்த அபிஷேகத் தீர்த்தத்தை, கறுப்புப் பெட்டியாக இருந்த பேட்டரியின் தலையில் தெளிப்பாள். நானும் கைகூப்பி நிற்பேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. சாவியைத் திருப்பினால் மட்டும் உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். யாரோ உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போடுவது போல. அதற்கு மேல் எதுவும் இல்லை. அப்பா மறுபடி திருப்பினார். மறுபடி ‘டக்’. அக்கம்பக்கத்து ஆட்கள் தள்ள வந்தார்கள். தெரு மேடாக இருந்ததால் சேற்றில் கால் வழுக்கியது.

“என்னலே, இந்தக் கனம் கனக்கு?” என்றார் ஒருவர்.

“உள்ள ஆள் உக்காந்திருக்காம்லா. சும்மாவா கனக்கும்” என்றார் பின்னால் தள்ளிய இன்னொருவர்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். அது ஒரு கேலி. சொன்னவரே மத்தியானத்துக்குள் மறந்திருப்பார். ஆனால் வாசலில் நின்ற பெரியம்மா அதை மறக்கவில்லை.

மெக்கானிக் வந்தார். பேட்டரியைத் தட்டிக் கழற்றித் தன் கடைக்குக் கொண்டுபோனார். இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி மறுநாள் கொண்டுவந்து தட்டி மாட்டினார். கார் ஓடியது. சில நாள் கழித்துத் திரும்பவும் ‘டக்’. திரும்பவும் கழற்றிக்கொண்டு போனார். இந்தமுறை மாட்டும்போது அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தார்.

“அண்ணாச்சி, பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. மோட்டாரும் நல்லா இருக்கு. எனக்குத் தெரிஞ்ச கோளாறு ஒண்ணும் இதுல இல்ல.”

அவர் சொன்னது பொய்யில்லை. பேட்டரியிலும் கோளாறு இல்லை, மோட்டாரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த விரல் அகல இடத்தில் இருந்தது. பேட்டரியின் முனையும், அதைக் கவ்வுகிற பிடியும் சேருகிற இடத்தில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொடி பூத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மழைக்காலத்தில் சுவரில் பூப்பதைப் போல இருந்ததால் யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை. அதன்மேலேயே விபூதி விழுந்தது, குங்குமம் விழுந்தது, தீர்த்தம் விழுந்தது. கொஞ்ச நாளில் எது பூத்தது, எது பூசியது என்றே தெரியாமல் போயிற்று.

கார் ஓடிய ஒரு காலையில் அத்தை இலஞ்சி கோயிலுக்குப் போயிருந்தாள். ஓடாத ஒரு காலையில் வாசல்நடையில் நின்றுகொண்டிருந்தாள். மாமா இருந்தவரை அவள்தான் ஒரு செம்புத் தண்ணீரை முன் சக்கரத்தில் ஊற்றி வண்டியை அனுப்பிவைப்பாள். இப்போது செம்பு இல்லை. கால் மட்டும் பழக்கத்தில் வாசலுக்கு வந்துவிடும்.

“அவளைக் கண்டாத்தான் அது நகர மாட்டேங்கு” என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னாள். அத்தை கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது. முன்னால் அந்த எண்ணெய்க் கறை. அது கொஞ்சம் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. தொட்டுப் பார்க்கப் பயம். “மாமா, அத்தையை விட்டிருங்க. அவ என்கூடதான படுக்கா” என்றேன். சாரல் கூரையில் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போது முழுதாக நம்பினேன். படித்து, பட்டம் வாங்கி, சம்பளம் வாங்குகிற இன்றும், ஒரு மூடிய காருக்குள் மழைச் சத்தம் கேட்டால் முன்சீட்டைப் பார்க்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை.

கார் நகராமல் கிடந்த ஓர் ஆடி வெள்ளியில் பெரியம்மா ஆரத்தி கரைத்தாள். தாம்பாளத்தில் தண்ணீர், மஞ்சள்தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு. விரலால் கலக்கக் கலக்கத் தண்ணீர் சிவந்து ரத்தம்போல் ஆனது. காரை மூன்று தடவை சுற்றினாள். வழக்கமாக முச்சந்தியில் ஊற்றுவார்கள். பெரியம்மா பானெட்டைத் திறக்கச் சொன்னாள்.

“தெருவுல ஊத்தி என்ன பிரயோசனம்? அவன் இருக்கிற நெஞ்சுல ஊத்தணும். எங்கன இருக்கு நெஞ்சு?”

அப்பா கொஞ்சம் யோசித்துப் பேட்டரியைக் காட்டினார். அதன் முனையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டச் சொன்னாள். அப்பா மஞ்சள் கயிற்றை நுழைப்பதற்காகப் பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கயிற்றுக்கு வழி பண்ணினார். கட்டி முடித்ததும் பெரியம்மா ஆரத்தியை அதன்மேல் ஊற்றினாள்.

அது பொங்கியது. உஸ்ஸென்று நுரை எழுந்தது. நுரை அடங்கியபோது பேட்டரியின் தலையில் தேங்கிய தண்ணீரில் சிவப்பு இல்லை. தாம்பாளத்தின் அடியில் மிச்சமிருந்தது ரத்தச் சிவப்பு. பேட்டரியில் கிடந்தது பச்சை மஞ்சள். அப்பா போய்ச் சாவியைத் திருப்பினார். கார் முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது.

பெரியம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். “குங்குமத்தை எடுத்துக்கிட்டான். மஞ்சளை நமக்கு விட்டுட்டான். பொண்டாட்டியக் கேக்கான், வேற ஒண்ணும் இல்ல. அவ இங்கன இருக்கவரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பான்.”

அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அழவில்லை. காரையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்தது பயம் இல்லை. அது என்ன என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.

அந்த வாரமே ஆலங்குளத்தில் மாமாவின் உறவுக்காரர் ஒருவரின் வீட்டுக்கு அவளை அனுப்ப ஏற்பாடாயிற்று. காரில் கொண்டுவிடுகிறேன் என்றார் அப்பா. பெரியம்மா கூடாது என்றாள். அத்தையும் தலையை ஆட்டி மறுத்தாள். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். ஒரு டிரங்குப்பெட்டி, ஒரு பாய். ஜன்னல் வழியாக என் தலையைத் தடவி, “பேன் பாத்துக்கிடு, அம்மாவைத் தொந்தரவு பண்ணாத” என்றாள். அன்றிலிருந்து பாயில் என் பக்கத்து இடத்தில் ஒரு பழமூட்டையை வைத்தார்கள். சீத்தாப்பழ வாடையில் எனக்கு இன்றும் தூக்கம் வராது.

அவள் போன பிறகு கார் சீசன் முடியும்வரை நன்றாக ஓடியது. “பாத்தீங்களா” என்றாள் பெரியம்மா. மழைக்காலத்தில் திரும்ப நின்றது. அதற்குள் யாருக்கும் அலுத்துவிட்டது. அப்பா அதை விற்றார். அத்தையை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கார் நின்றதால் போனவள், கார் போன பிறகு வந்திருக்கலாம். அப்படி ஒரு பேச்சே எழவில்லை. சிலரை அனுப்பத்தான் காரணம் வேண்டியிருக்கிறது. கூப்பிடாமல் இருக்க எதுவும் வேண்டாம்.

இப்போது உங்களுக்குத் தெரியும், எட்டாம் வகுப்பில் நான் ஏன் எழுந்து போனேன் என்று. பேட்டரிக்குள் இருப்பது அமிலம்; அதுதான் கசிந்து அதன் தலையில் படிந்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த தண்ணீர், அமிலம் பட்ட இடத்தில் மஞ்சளாகத்தான் மாறும். அன்று சாயங்காலம் பெரியம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். அவள் கேட்டதை முதலிலேயே எழுதிவிட்டேன். அப்பா பக்கத்தில் பழக்கூடைக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த பொங்கலிலிருந்து வருடந்தோறும் கரும்பும் அரிசியும் சேலையும் எடுத்துக்கொண்டு ஆலங்குளம் போகத் தொடங்கினார். என்னையும் கூட்டிப்போவார். அங்கே யாரும் காரைப் பற்றிப் பேசமாட்டார்கள். அத்தை காபி போட்டுக் கொடுப்பாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்.

நான் வேதியியல் படித்தேன். வேறு எதையும் படிக்க எனக்குத் தோன்றவில்லை. தென்காசியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன்.

போன சாரலில் எங்கள் பள்ளி ஆசிரியைகள் சிலர் பழைய குற்றாலத்துக்குப் போனோம். இயற்பியல் டீச்சரின் கார். குளித்துவிட்டு வந்து அவர் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. ‘டக்.’

ஈரத் தலையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நான் முன்சீட்டின் விளிம்பைப் பார்த்தேன். இயற்பியல் டீச்சர் மறுபடி திருப்பினார். ‘டக்.’

“யாரையாவது கூப்பிடுவோமா?” என்றார்.

“வேண்டாம், பானெட்டைத் திறங்க” என்றேன். கதவைத் திறந்து இறங்கினேன்.

அங்கே அது பூத்திருந்தது. அதே வெள்ளை, அதே பச்சை, ஓரத்தில் மயில்கழுத்து நீலம். பக்கத்து டீக்கடை அக்காவிடம் ஒரு செம்பு வெந்நீரும் ஒரு கரண்டி ஆப்பசோடாவும் கேட்டேன்.

“ஆப்பசோடாவா? என்ன டீச்சர், இஞ்சின் மேல பஜ்ஜி போடப் போறீயளா?”

“சூடு ஏறினா போட்டிரலாம்க்கா. மொதல்ல இது எந்திரிக்கட்டும்.”

டிக்கியில் ஸ்பேனர் இருந்தது. மைனஸ் முனையை முதலில் கழற்றினேன், பிளஸ் முனையை அடுத்து. சோடாவைத் தூவி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பொங்கியது. உஸ்ஸென்று நுரை எழுந்தது. கையை எடுக்காமல் நின்றேன். நுரை அடங்கியதும் தேங்காய் நாரால் தேய்த்தேன். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முனையையும் பிடியின் உள்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும் வரை கத்தியால் சுரண்டினேன். பிளஸ்ஸை முதலில் மாட்டி மைனஸைப் பிறகு மாட்டினேன். இறுக்கி ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

“இப்பப் போடுங்க.”

கார் கிளம்பியது. டீக்கடை அக்கா, “பரவால்லியே, படிச்ச புள்ளைக்கு வேலையும் தெரியுதே” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இயற்பியல் டீச்சரிடம், வீட்டுக்குப் போனதும் முனைகளின் மேல் கிரீஸ் தடவச் சொன்னேன். கிரீஸ் இல்லாவிட்டால் வாசலின் போதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைத்துத் தடவினால் இது திரும்பப் பூக்காது. சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. ஒரு கரண்டி ஆப்பசோடா. அதற்கு எங்கள் அத்தையைக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் போனேன். உறவுக்காரர் வீட்டிலிருந்து எப்போதோ வெளியேறி, அத்தை ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். பீடி சுற்றிப் பிழைக்கிறாள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவில்லை. உப்புப் பூத்ததைச் சொன்னேன். அப்பா கயிறு கட்டும்போது பிடியை ஆட்டியதால்தான் அன்று கார் கிளம்பியது என்றேன். சிவப்பு ஏன் மஞ்சளானது என்று சொன்னேன். மாமா யாரையும் கேட்கவில்லை, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்றேன். இதைக் கேட்டதும் அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

கை நின்றது.

“அப்ப அவிய அங்கன இல்லியா?”

கையிலிருந்த இலையைச் சுளகில் வைத்தாள்.

“உங்க பெரியம்மா சொன்னாளேன்னா நான் போனேன்? அவிய என்னையத் தேடுதாவன்னு நெனச்சுத்தான் போனேன். எங்கன போனாலும் கூடவே வருவாவன்னு. இந்த ரூமுல ராத்திரி கதவு ஆடுனாக்கூட அவியதான்னு நெனச்சுக்கிடுவேன். தனியா இருக்கேன்னு ஒருநாளும் நெனச்சதில்ல, மக்கா.”

அன்று கதவுக்குப் பின்னால் நான் பார்த்த முகம் இதுதான். என் படிப்பு அவளிடமிருந்து எதை எடுத்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. எழுந்துவிடலாமா என்று இருந்தது. வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அத்தை இலையைக் கத்தரித்தபடி, என்னிடம் இல்லை, தன்னிடமே பேசுவது போலச் சொன்னாள்.

“பச்சைப் பொடியா பூக்கும்னா சொன்ன? அவிய கைல இருக்கும் அது. வெள்ளிக்கிழமைன்னா கை பூராப் பச்சையும் வெள்ளையுமா வருவாவ. என் பித்தவெடிப்புக்கு வாங்கி வச்ச வாசலினை எல்லாம் அவியதான் தீத்தாவ. டப்பாவுல கறுப்பு வெரல் பதிஞ்சு கெடக்கும். உங்க காலுக்கா என் காலுக்கா வாங்குனதுன்னு ஏசுவேன். இதுக்கும் வெடிப்பு வந்திரும்ட்டின்னு சிரிப்பாவ.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அத்தை, அதுதான். அவர் பூசை பண்ணலை. துடைச்சு வாசலின் போட்டிருக்காரு. வாரம் தவறாம. அவர் போன பிறகு அதைச் செய்ய ஆள் இல்லை. அதனாலதான் வண்டி நின்னுது.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“வண்டிதான் அவியளத் தேடியிருக்கு” என்றாள்.

நான் வேதியியல் டீச்சர். அதைத் திருத்தவில்லை. திருத்த அதில் எதுவும் இல்லை.

சோறு போட்டாள். சாப்பிடும்போது, என்னோடு தென்காசிக்கு வந்துவிடு என்றேன். அங்கே தனி வீடு பார்த்துவிடலாம், பெரியம்மா முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்றேன்.

“வர மாட்டேன்.”

“ஏன்?”

“நான் வந்து நின்னா, அனுப்புனது பொய்யின்னு ஆயிரும். உங்க பெரியம்மா பேசித் தப்பிச்சிருவா. அண்ணன் தாங்க மாட்டான். நீ அவன்கிட்ட இதைச் சொல்லாத.”

நான் எட்டாம் வகுப்பு படித்த நாளிலிருந்தே அப்பாவுக்குத் தெரியும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவர் கூரையைப் பார்த்துக் காபி குடித்த பொங்கல்கள் எல்லாம் எனக்கு அப்போது கண்ணுக்கு முன்னால் வந்து போயின. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனி ஊரில் வயதாகியிருக்கிறார்கள். பெரியம்மா எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு என்னிடம் இப்போதும் பதில் இல்லை. செத்தவர் இல்லையென்று நான் சொல்லவில்லை. இருக்கிறவளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஆலங்குளத்துக்கும் தென்காசிக்கும் காலையிலிருந்து பஸ் இருக்கிறது. என் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே போய்வரலாம். அத்தையோடு போய் இருக்கப் போகிறேன் என்பதை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். என் பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரை அவரே தூக்கிவந்தார்.

அத்தை கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழமைகூட இல்லியே இன்னைக்கு” என்றாள். நான் செருப்பைக் கழற்றினேன். அவள் பீடிச் சுளகைக் காலால் சுவரோரம் தள்ளி, பெட்டிக்கு இடம் விட்டாள்.